தாங்குகிற மாப்பிள்ளையும் மற்றச் சிலரும்

குடிக்கிறவர்களோடு பேசுவது என் தொழில். கேட்பது அவர்கள் தொழில் இல்லை. பதுளையில் ஒரு சிறிய நிலையத்தில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தோட்டங்களில் அந்தச் சொல்லை யாரும் முழுதாகச் சொல்லி முடிப்பதில்லை. 'குடி மிஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். முதல் தடவை கேட்டபோது வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது நெரிசலான பஸ்ஸில் யாராவது "குடி மிஸ், இங்க எடம் இருக்கு" என்று கூப்பிட்டால், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இந்த மலைப் பாதையில் மானத்தைவிட இருக்கைதான் பெரிது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அப்பாவாக, அண்ணனாக, புருஷனாக, இல்லையென்றால் தீபாவளிக்கு மட்டும் வந்து நடு வாசலில் படுத்துவிடுகிற சித்தப்பாவாக. ஆகவே உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. நீங்களும் நானும் ஒரே மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள்தான். எனக்கு அதற்குச் சம்பளம் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாரிசு

போன வருஷம் எங்கள் நிலையம் ஒரு புதுத் தலைப்பைக் கையில் கொடுத்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பியது: குடியும் பரம்பரையும். முதல் கூட்டம் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கோமதி என்ற பெண் எங்களுக்காகப் பாய் விரித்து, தேத்தண்ணியும் ஊற்றி வைத்திருந்தாள். நான் பேசினேன். குடிக்கு அடிமையாகிற ஆபத்தில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வருகிறது, அப்பாவின் மூக்கும் அம்மாவின் முடியும் நமக்கு வருகிற மாதிரி, சாராயத்தை உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதும் வருகிறது என்றேன். அது ஒரே ஒரு மரபணு செய்கிற வேலை இல்லை, பல சேர்ந்து செய்வது என்றேன். மற்றப் பாதி வளர்ப்பு, கூட்டாளிகள், மனசிலுள்ள பாரம், சாராயம் விற்கிற தவறணை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதெல்லாம் என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதற்குக் கோமதி சாட்சி. வேறு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பெருமாள் அண்ணன், கோமதியின் அப்பா. என் கூட்டங்களில் அவர் தூங்கியிருக்கிறாரே தவிரக் கேள்வி கேட்டதில்லை. "எங்கப்பா குடிச்சாரு மிஸ். அவரோட அப்பாவும் குடிச்சாருன்னு சொல்லுவாங்க. அப்ப இது எனக்குத் தானா வந்தது, அப்படித்தானுங்களே?" என்றார். பாதிதான் அண்ணே என்றேன். பாதி போதும் என்றார். வீட்டுக்காரியிடம் காட்ட அதை ஒரு கடதாசித் துண்டில் எழுதி முத்திரை குத்தித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது, மிச்சப் பாதி உங்கள் கையில் இருக்கிறது என்றேன். அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்க்காமல் கோமதி அவசரமாகத் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அவரோ எழுந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார்: "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. நான் குடிகாரன் இல்ல. வாரிசு."

பாதியும் முழுசும்

இதை அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கால் வலித்தது. அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டே, இந்தத் தலைப்பை இப்படிக் கொண்டுபோனால் ஆபத்து, மக்கள் தங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றேன். பொறுப்பாளர் ஐயா நல்ல மனிதர்தான், பதுளையை விட்டு மேலே ஏறினால் அவருக்குத் தலை சுற்றும், அது ஒன்றுதான் குறை. அவர் சுவரொட்டி அடிக்கிற யோசனையில் இருந்தார். குடி பரம்பரையா, இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார். பரம்பரைதான், ஆனால் விதி இல்லை. சாய்வு இருக்கும், விழுந்தே ஆகவேண்டும் என்று இல்லை. பாதிக்குப் பாதி என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பாதின்னு போஸ்டர்ல போட முடியாது மிஸ். முழுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க."

செங்கல் நிறம்

பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்குகிற கந்தசாமியை அவர் மனைவி நிலையத்துக்கு அழைத்து வந்தாள். ஒரு மிடறு உள்ளே போனால் போதும், அவர் முகமும் காதும் கழுத்தும் செங்கல் நிறமாகிவிடும். நெஞ்சு படபடக்கும். பிறகு வாந்தி. இப்படிப்பட்ட உடம்புக்காரர்கள் சீனா, ஜப்பான் பக்கம் நிறைய, நம் பக்கம் அபூர்வம், ஆனால் இல்லாமலில்லை. நான் அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். உடம்புக்குள் சாராயத்தை முதலில் ஒருவர் நஞ்சாக மாற்றுகிறார், அந்த நஞ்சை அடுத்தவர் உடனே அப்புறப்படுத்த வேண்டும். கொழுந்து எடுக்கிறவர்கள் வேகமாக எடுத்து, சாக்கைத் தூக்குகிறவர் சோம்பேறியாக இருந்தால், கொழுந்து குவிந்து கிடந்து சூடேறிச் சிவந்து போகும் இல்லையா, உங்களுக்குள் அந்த இரண்டாவது ஆள் மெதுவானவர், பிறப்பிலேயே அப்படி என்றேன்.

அவர் கவனமாகக் கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களுக்கு இது வரம், உடம்பே வேண்டாம் என்கிறது, மீறிக் குடித்தால் உணவுக் குழாயில் புற்றுநோய் வருகிற ஆபத்து மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம் என்றேன். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். கந்தசாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஆண்பிள்ளையின் கஷ்டம் ஒரு பெண்ணுக்கு எங்கே விளங்கப் போகிறது என்ற முகத்தோடு சொன்னார்: "சந்தையில எல்லார் முன்னாலயும் வாந்தி எடுக்கிறது எவ்வளவு கேவலம் தெரியுங்களா மிஸ்? அதான் தெனமும் கொஞ்சங் கொஞ்சமா பழகிக்கிட்டு வாறேன்."

மாமன்மார் பரீட்சை

பசறையில் பஸ் மாறி மடுல்சீமைக்கு ஏறியபோது பக்கத்து இருக்கையில் சிவலிங்கம் அண்ணன். கோமதியின் தாய்மாமன். கோமதிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்றார். பூனாகலைப் பையன், பெயர் சுரேஷ், பண்டாரவளையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறான். எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. தகப்பனின் சத்தத்திலிருந்து அந்தப் பெண் தப்பித்து ஒரு நல்ல வீட்டுக்குப் போகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு. பையன் எப்படி என்று கேட்டேன். பரீட்சை வைத்துப் பார்த்தாகிவிட்டது என்றார்.

அந்தப் பரீட்சை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பெண் பார்க்க வருகிற நாளில், உள்ளே பெண்கள் பலகாரத் தட்டு நீட்டிக்கொண்டிருக்க, மாமன்மார் மாப்பிள்ளையைக் காற்று வாங்க என்று வெளியே கூட்டிப் போவார்கள். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போத்தல் தயாராக இருக்கும். ஊற்றிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார்கள். உளறினால், அழுதால், சட்டையைக் கழற்றினால் மாப்பிள்ளை ஆகமாட்டார். எவ்வளவு ஊற்றினாலும் நேராக நின்று மரியாதையாகப் பேசினால், 'தாங்குறான்' என்று முதுகில் தட்டி உள்ளே அழைத்து வருவார்கள். குடிக்கவே மாட்டேன் என்கிறவனுக்குப் பரீட்சை கிடையாது, அவன் மீது சந்தேகம்தான் வரும்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விஷயம் அப்படியே தலைகீழ். சீக்கிரம் போதை ஏறிவிடுகிறவனை உடம்பே நிறுத்திவிடும். ஏறாதவனுக்குப் போதும் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. அடுத்தவன் ஒரு கிளாஸில் அடைகிறதை அடைய அவன் மூன்று ஊற்றவேண்டும். இப்படித் தாங்குவதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. பிற்பாடு அடிமையாகிறவர்களில் இந்த மாதிரி ஆட்கள்தான் அதிகம். ஆக, ஊர் மாமன்மார் கூடி, நல்ல போத்தல் செலவழித்து, இருக்கிற பையன்களில் ஆபத்து மிகுந்தவனைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். பஸ் வளைவுக்கு வளைவு என்னை அவர் தோளில் மோதவிட்டுக்கொண்டிருக்க, இதை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரு முழுப் போத்தல் உள்ள போச்சு மிஸ், ஒரு சொல்லு மாறல. இந்தக் காலத்துல அப்படி ஒரு பையன எங்க தேடுவீங்க?"

ரத்தம் பார்க்க வந்தவள்

அந்தப் பரம்பரைப் பேச்சை நான் பூனாகலையிலும் பேசியிருந்தேன். அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்ட ஓர் அம்மா, சுரேஷின் தாயார் மாரியாயி அக்கா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவரும் தமக்கு வேண்டிய துண்டைக் கிழித்துக்கொண்டு போயிருந்தார். பெண்ணின் அப்பா குடிகாரர், தாத்தா குடிகாரர், அது ரத்தத்தில் வருமென்று குடி மிஸ்ஸே சொல்லியிருக்கிறார், நாளைக்கு என் பேரப்பிள்ளைக்கும் வரும், ஆகவே பெண்ணின் ரத்தத்தைச் சோதித்து முடிவைக் காட்டினால்தான் கல்யாணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கோமதி ஒரு நாள் லீவு போட்டுப் பதுளைக்கு வந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிற நஸீர் நானாவிடம் நானும் போனேன். போகிற வழியில், அப்படி ஒரு பரிசோதனை கிடையாது, எந்த ரத்தத்தைப் பார்த்தும் இவள் குடிப்பாள், இவள் பிள்ளை குடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள். ஒருநாளும் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத பெண். தகப்பனுக்காகச் சின்ன வயசிலிருந்து வெட்கப்பட்டவள், இப்போது தன் ரத்தத்துக்கும் வெட்கப்பட வேண்டியதாயிற்று. எனக்கு வந்த கோபத்தில் யாரை ஏசுவது என்றே தெரியவில்லை. நஸீர் நானா ஊசியை எடுக்கவில்லை. அவள் நீட்டிய கையை மெல்ல மடக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "சீனி இருக்கான்னு பாத்துச் சொல்லலாம் மகள். அடுத்தவங்கட வாய்க்கு மருந்து எங்ககிட்ட இல்ல."

சிரிப்பு

அதே கிழமை ஒரு சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு நிலையத்துக்கு வந்தாள். புருஷன் வாரக் கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. அவளுக்கு என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது, அதைக் கேட்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பிள்ளை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. நல்ல அழகான சிரிப்பு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அச்சா அவுங்கப்பா மாதிரியே சிரிக்கிறான் மிஸ். சிரிப்போட நின்னுருமா?"

விழாத மனிதர்

கோமதியின் கல்யாணம் என் பேச்சைக் காரணம் காட்டி நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. பூனாகலைக்குப் போனேன். மழை, வழுக்கல், குடையைத் திருப்பிப்போடுகிற காற்று. மாரியாயி அக்கா மரியாதையாகத்தான் வரவேற்றார். கூட்டத்தில் அவர் காதில் விழாத மறுபாதியை அவருக்காகத் தனியாகப் பேசினேன். குடிகாரரின் பிள்ளைகளில் குடிக்கு அடிமையாகாதவர்களே கூடுதல், ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க முடியும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "ஒங்கப்பா எப்படி மிஸ்?" என்று கேட்டார். குடித்தே செத்தார் என்றேன். "நீங்க?" தொட்டதில்லை, பயத்தில்தான் தொடவில்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க" என்றார். அந்த அளவில் சம்மதம் ஆகிவிட்டது. என் அப்பாவால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கிறதே, வாழ்நாளில் அவர் செய்த ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. வீட்டுக்காரராம், சுரேஷ் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே மஞ்சள்காமாலையில் போய்விட்டாராம், வயிறெல்லாம் வீங்கி. எனக்கு எங்கோ உறுத்தியது. அப்போது சுரேஷ் லொறியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். சுத்தமான சட்டை, தெளிவான பேச்சு. அம்மா தடுத்தாலும் தனக்குக் கோமதிதான் வேண்டும் என்றான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. என்னைப் பஸ்ஸுக்கு லொறியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். நான் எழுந்தபோது சிரித்துக்கொண்டே, "மிஸ், நீங்க இந்த விசயத்துல படிச்சவங்க. நான் இன்னைக்குக் குடிச்சிருக்கேனா இல்லையா, சொல்லுங்க பாப்பம்" என்றான். இல்லை என்றேன். மத்தியானத்திலிருந்து அரைப் போத்தல் என்றான், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. இந்த வளைவுகளில், இந்த மழையில், லொறியோடு.

நான் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, பெருமாள் அண்ணனுக்கு இருப்பதைவிட உனக்குத்தான் ஆபத்து அதிகம் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. மாரியாயி அக்காவுக்குத்தான் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை, பெருமை. படத்தைக் காட்டிச் சொன்னார்: "எங்க வீட்டுல குடிகாரங்க யாரும் இல்ல மிஸ். அவங்கப்பாவும் இவன் மாதிரித்தான் குடிச்சாரு. சாகுற வரைக்கும் ஒரு நாளு விழுந்ததில்ல."

கோமதி கேட்டது

லொறி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே ரோட்டுக்கு வந்தேன். கல்யாணத்தைச் சேர்த்து வைக்கப் போனவள், அதைக் கெடுக்கிற செய்தியோடு திரும்புகிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மனம் சொல்லியது. யார் கேட்டார்கள்? ஆனால் மறுநாள் கோமதியே போன் எடுத்தாள், அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று நன்றி சொல்ல. நன்றி கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் போய், பிள்ளைக்காம்பராவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, தொட்டிலில் போட்டாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பாவ ரோட்டோரக் கானுல இருந்து தூக்கித் தூக்கி அலுத்துப் போச்சு மிஸ். விழாத ஆளு ஒருத்தரு கெடைச்சாப் போதும்னுதான் நெனச்சேன்." அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். தைப்பொங்கல் வரைக்கும் அவர் ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கட்டும், இருந்தால் தேதி குறிக்கலாம், இதை அவரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு நிபந்தனை போடுவதை இந்தப் பக்கத்தில் நான் முதல் தடவை கேட்கிறேன். மாமன்மார் குதிப்பார்களே என்றேன். குதிக்கட்டும் என்றாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தபோது, தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவள் சொன்னது இது: "என் ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் மிஸ், அதனால நான் தொடமாட்டேன். அவருக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு."

தனியாக வந்தவன்

சுரேஷ் ஒத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். இது ஒரு விஷயமா என்று சொன்னானாம். சிவலிங்கம் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரியாயி அக்கா, தன் மகனை நான் குடிகாரன் என்று சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் ஏசுகிறார் என்று தகவல் வந்தது. எனக்கு அலுத்துவிட்டது. வேறு தலைப்பு கேட்டு வாங்கலாமா, ஊட்டச்சத்து, கொசு, ஏதாவது, என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவன் நிலையத்துக்கு வந்தான். தனியாக, பஸ்ஸில். லொறிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். தேத்தண்ணி கொடுத்தேன், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் தளும்பியது. ஆரம்பத்தில் குடிக்காமல் இருக்கத்தான் பார்த்தானாம். முதல் நாள் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் போட்டிருக்கிறான். பிறகு கால் தானாகத் தவறணைப் பக்கம் போனது, ஒரு கிளாஸ் உள்ளே போனதும் காய்ச்சல் விட்டுப்போனது. அப்போதுதான் பயந்திருக்கிறான். இப்படி உடம்பு பழகிப்போனவர்கள் சட்டென்று தாங்களாக நிறுத்துவது ஆபத்து, வைத்தியர் பார்த்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று சொல்லி, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

வெளியே மழை விடவில்லை. வாசலில் நின்று குடையை விரிக்கும்போது, கோமதியிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்றான். சொல்லாமல் இருந்திருக்கலாம் மிஸ், நான் குடித்ததை அவள் கண்டுபிடித்திருக்கவே மாட்டாள், பொங்கலுக்குத் தேதியும் குறித்திருப்பார்கள் என்றான். அவள் என்ன சொன்னாள் என்றேன். பொங்கல் கணக்கு இன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறது, இந்தப் பொங்கலோ அடுத்த பொங்கலோ, நான் எங்கேயும் போகமாட்டேன், ஆனால் நிபந்தனையைக் குறைக்கவும் மாட்டேன் என்றாளாம். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. எனக்கும்தான். பிறகு, என் கையிலிருந்த குடையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னான்: "நான் குடிச்சா ஊருக்கே தெரியாதுன்னு பெருமையா இருந்தேன் மிஸ். கடைசியில எனக்கே தெரியாமப் போச்சு."

இத்தனை வருஷம் இந்த மலைகளில் ஏறி இறங்கி நான் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: விழுகிறவனைத் தூக்க ஒரு லயமே ஓடி வருகிறது, விழாதவன் பக்கத்தில் போய் உட்கார மட்டும் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைக்க வேண்டியிருக்கிறது, அந்த ஆளும் பஸ் பிந்தியதால் எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே போய்ச் சேர்கிறாள்.